பிரேக் பிடிக்கப் பார்த்த கைசர்: முதல் உலகப் போர் எப்படித் தொடங்கியது?

1914 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை மாலை. பெர்லின் அரண்மனை. ஜெர்மனி முழுக்கப் படைகளைத் திரட்டும் உத்தரவில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் கையெழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்போது லண்டனில் இருக்கும் ஜெர்மன் தூதரிடமிருந்து ஒரு தந்தி வருகிறது. ஜெர்மனி பிரான்ஸைத் தாக்காமல் இருந்தால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும், பிரான்ஸையும் ஒதுங்கி நிற்க வைக்கும் என்பது அதன் சாரம்.

கைசருக்கு ஒரே சந்தோஷம். ஷாம்பெயின் கொண்டுவரச் சொன்னார். அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே, ரஷ்யா பக்கம் திருப்பிவிடலாமே என்று தலைமைத் தளபதி மோல்ட்கேவிடம் சொன்னார். மோல்ட்கே முடியாது என்றார்.

ஆம், நாட்டின் சக்கரவர்த்தி சொல்கிறார். சட்டப்படி முப்படைகளுக்கும் அவர்தான் தலைவர். ஆனாலும் முடியாது. ஏன் முடியாமல் போனது என்று தேடிப்போனால் முதல் உலகப் போர் ஏன் வந்தது என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, இந்த மனிதர் அதற்கு முன்பு வாழ்ந்த 55 வருடங்களில் இருக்கிறது.

வளராத இடது கை

வில்ஹெல்ம் பிறந்தது 1859 ஜனவரி 27-ல், பெர்லினில். அப்பா பிரஷ்ய அரச குடும்பத்து இளவரசர். அம்மா பிரிட்டிஷ் மகாராணி விக்டோரியாவின் மூத்த மகள். அந்தப் பாட்டிக்கு இவர்தான் முதல் பேரப்பிள்ளை.

பிரசவம் மிகவும் சிக்கலாகிவிட்டது. குழந்தை தலைகீழாக இல்லாமல் கால்பக்கமாக வந்தது. வெளியே எடுக்கும்போது இடது தோள் நரம்புகள் சேதமாகிவிட்டன. அந்தக் கை சரியாக வளரவே இல்லை. பெரியவரான பிறகும் வலது கையைவிட சுமார் 15 சென்டிமீட்டர் குட்டையாகவே இருந்தது.

வருங்கால மன்னருக்குக் கை விளங்காது என்றால் பிரஷ்யா போன்ற ராணுவ நாட்டில் விடுவார்களா? புதிதாகக் கொன்ற முயலின் உடம்புக்குள் குழந்தையின் கையை வைத்துக் கட்டினார்கள், அந்தச் சூடு கைக்கு ஏறும் என்ற நம்பிக்கையில். நல்ல கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவைத்து, மோசமான கையை உபயோகிக்கப் பழக்கினார்கள். மின்சார சிகிச்சையும் கொடுத்தார்கள். எட்டு வயதில் குதிரையேற்றம். பேலன்ஸ் கிடைக்காமல் விழுவார், அழுவார். ஆசிரியர் மறுபடி தூக்கி உட்கார வைப்பார். கடைசியில் குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த விஷயத்தில் பையனைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவருடைய போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். முக்கால்வாசிப் படங்களில் இடது கை வாளின் கைப்பிடி மேல் இருக்கும், கையுறை பிடித்திருக்கும், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். விறைப்பான மீசை, நாளுக்கு நாள் மாறும் யூனிஃபார்ம், உரத்த பேச்சு என்று தன்னைப் பெரிய வீரராகக் காட்டிக்கொள்வதிலேயே வாழ்நாள் போனது.

இந்தக் கையால்தான் உலகப் போரே வந்தது என்று எழுதியவர்களும் உண்டு. அது ரொம்பவே சுலபமான விடை. கை சரியாக இருந்திருந்தாலும் ஐரோப்பாவின் நடுவில், இரண்டு பக்கமும் வல்லரசுகளோடுதான் ஜெர்மனி இருந்திருக்கும்.

இரண்டு மச்சான்கள்

இந்தப் போரைப் புரிந்துகொள்ள அந்தக் குடும்ப உறவுகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் எல்லோரையும் 'கசின்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நமக்குத்தான் சரியான முறை சொல்ல வரும்.

பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், வில்ஹெல்மின் தாய்மாமன் மகன். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ரா, வில்ஹெல்முக்குச் சித்தி மகள். ஆக, நம்ம கணக்குப்படி இருவருமே வில்ஹெல்முக்கு மச்சான் முறை. ஜார்ஜும் நிக்கோலஸும் அக்கா தங்கை பிள்ளைகள், அதாவது அண்ணன் தம்பி முறை. பார்ப்பதற்கு இரட்டையர் போலவே இருப்பார்கள். 1913 மே மாதம் வில்ஹெல்மின் மகள் கல்யாணத்துக்கு மூவரும் பெர்லினில் கூடினார்கள். அடுத்த வருடமே மூன்று நாடுகளும் போரில்.

பாட்டி விக்டோரியா மீது வில்ஹெல்முக்கு உண்மையான பாசம். 1901 ஜனவரியில் அவர் இறந்தபோது படுக்கை அருகே இருந்து, நல்ல கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர்தான். ஆனால் இங்கிலாந்து என்றால் ஒரு பொறாமையும் உண்டு. பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பார்த்து வளர்ந்த பையன். பிரிட்டிஷ் கடற்படையின் கௌரவ அட்மிரல் யூனிஃபார்ம் கிடைத்தபோது குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டவர். அதே நாட்டை ஜெயிக்கவும் வேண்டும், அதே நாட்டிடம் பாராட்டும் வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா?

பிஸ்மார்க் கட்டிய முடிச்சு

1888-ல் ஜெர்மனிக்கு மூன்று சக்கரவர்த்திகள். மார்ச்சில் தாத்தா இறந்தார். தொண்டைப் புற்றுநோயோடு பட்டத்துக்கு வந்த அப்பா 99 நாட்களில் இறந்தார். ஜூன் மாதம் 29 வயது வில்ஹெல்ம் கைசர் ஆனார்.

அப்போது நாட்டை நடத்திக்கொண்டிருந்தவர் பிஸ்மார்க். சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகளை 1871-ல் ஒரே பேரரசாக்கிய கிழவர். அந்த வருடம் பிரான்ஸைத் தோற்கடித்து அல்சாஸ், லொரைன் பகுதிகளைப் பிடுங்கிக்கொண்டதால் பிரான்ஸ் ஒருநாள் பழிவாங்க வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பிரான்ஸோடு வேறு யாரும் சேராமல் பார்த்துக்கொள்வதே அவருடைய முழுநேர வேலை. 1879-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடு ஒப்பந்தம். 1882-ல் இத்தாலியும் சேர்ந்தது. ஆஸ்திரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் ஆகாது. அப்படி இருந்தும் 1887-ல் ரஷ்யாவோடு தனியாக ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்.

இளம் கைசருக்கு இந்தக் கிழவரின் நிழலில் இருக்கப் பிடிக்கவில்லை. 1890 மார்ச்சில் பிஸ்மார்க் வெளியேற்றப்பட்டார். அதே வருடம் ரஷ்ய ஒப்பந்தம் காலாவதியானது. புதுப்பிக்க ரஷ்யா தயாராகவே இருந்தது. பெர்லினின் புதிய அதிகாரிகள் வேண்டாம் என்றார்கள், கைசரும் தலையாட்டினார்.

நாலே வருடம். 1894-ல் ரஷ்யாவும் பிரான்ஸும் ராணுவக் கூட்டணி ஆகிவிட்டன. ஒரு பக்கம் மன்னராட்சி, இன்னொரு பக்கம் குடியரசு. சேரவே சேராது என்று பெர்லின் நினைத்த ஜோடி. இரண்டில் எந்த நாட்டை ஜெர்மனி தாக்கினாலும் ஒரே நேரத்தில் கிழக்கிலும் மேற்கிலும் அடி விழும் என்ற நிலை அன்றைக்கே வந்துவிட்டது.

வாயும் கப்பலும்

பிரிட்டன் அப்போது எந்தக் கூட்டணியிலும் இல்லை. தன் கடற்படையை நம்பித் தனியாக இருந்தது. அதைப் போய் எதிர் அணியில் உட்கார வைத்ததில் கைசரின் பங்கு பெரியது.

1896-ல் தென்னாப்பிரிக்காவில், டிரான்ஸ்வாலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஆதரவுக் கும்பல் ஒன்று தோற்றது. உடனே டிரான்ஸ்வால் தலைவர் க்ரூகருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார் கைசர். பிரிட்டன் முழுக்கக் கொந்தளிப்பு. 1900-ல் சீனாவுக்குப் புறப்பட்ட வீரர்கள் முன்னால் பேசும்போது, பழைய ஹூணர்களைப் போல இரக்கம் காட்டாமல் நடந்துகொள்ளச் சொன்னார். பதினான்கு வருடம் கழித்து பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஜெர்மானியர்களை ஹூணர்கள் என்றே எழுதின. பட்டத்தைச் சூட்டிக்கொடுத்தவர் இவரேதான்.

பேச்சைவிடப் பெரிய சேதம் கப்பல்களால் வந்தது. அட்மிரல் டிர்பிட்ஸின் யோசனைப்படி 1898-லும் 1900-லும் கடற்படைச் சட்டங்கள் வந்தன. பிரிட்டன் பயப்படும் அளவுக்குப் போர்க்கப்பல்கள் இருந்தால் அது ஜெர்மனியோடு சமாதானமாகப் போகும் என்பது கணக்கு. பிரிட்டனோ உணவுக்கே கடலை நம்பியிருக்கும் தீவு. அது பயந்தது உண்மை. ஆனால் பயந்து போய்ச் சேர்ந்தது எதிர் அணியில். 1904-ல் பிரான்ஸோடும் 1907-ல் ரஷ்யாவோடும் பழைய தகராறுகளைப் பேசி முடித்துக்கொண்டது. எழுத்துப்பூர்வமான ராணுவக் கூட்டணி கிடையாது. ஆனாலும் யார் யார் பக்கம் என்று ஐரோப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

இந்த நெருக்கத்தை உடைக்க 1905-ல் கைசரை மொராக்கோவின் டாஞ்சியருக்கு அனுப்பினார்கள். பிரான்ஸ் கண்வைத்திருந்த நாட்டில் இறங்கி, அதன் சுல்தானுக்கு ஆதரவாகப் பேச வேண்டும். கைசருக்கே அதில் இஷ்டமில்லை. கட்டாயப்படுத்தித்தான் இறக்கினார்கள். விளைவு நேர் எதிர். அடுத்த வருட அல்ஜெசிராஸ் மாநாட்டில் பெரிய நாடுகளில் ஆஸ்திரியா மட்டுமே ஜெர்மனி பக்கம் நின்றது.

1908-ல் லண்டனின் டெய்லி டெலிகிராப் பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. நான் இங்கிலாந்தின் நண்பன், ஆனால் என் மக்களில் பலர் அப்படி இல்லை என்கிற ரீதியில் பேசியிருந்தார். நல்லுறவுக்காகக் கொடுத்த பேட்டி அது. இங்கிலாந்தும் கோபப்பட்டது, ஜெர்மனியும் கோபப்பட்டது. சொந்த நாடாளுமன்றத்திலேயே கிழித்தார்கள். கைசர் மனமுடைந்து, பதவி விலகலாமா என்று யோசிக்கும் வரை போனார். அதற்குப் பிறகு அமைச்சர்களும் தளபதிகளும் அவரைக் கொஞ்சம் தள்ளியே வைத்தார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 1914-க்கு இது தேவைப்படும்.

ஒரே ஒரு திட்டம்

ரஷ்யாவும் பிரான்ஸும் சேர்ந்துவிட்டதால் ஜெர்மன் ராணுவத் தலைமைக்குத் தூக்கம் போனது. ஷ்லீஃபன் என்ற தளபதி ஒரு வழி சொன்னார். ரஷ்யா பெரிய நாடு, ரயில் குறைவு, படை திரட்ட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கிட்டத்தட்ட மொத்தப் படையையும் மேற்கே கொண்டுபோய், பெல்ஜியம் வழியாகச் சுற்றி வளைத்து, சுமார் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட வேண்டும். பிறகு ரயிலேறிக் கிழக்கே வந்து ரஷ்யாவைப் பார்த்துக்கொள்ளலாம்.

1906-ல் அவருக்குப் பின் வந்த மோல்ட்கே சில மாற்றங்கள் செய்தாலும் அடிப்படை இதுதான். கிழக்கே மட்டும் போர் வந்தால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டமும் வருடாவருடம் தயாராகிக்கொண்டிருந்தது. 1913-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இதன் அர்த்தம் என்ன? ரஷ்யாவோடு சண்டை என்றாலும் முதல் குண்டு பெல்ஜியத்தில்தான் விழும். பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839-லேயே கையெழுத்துப் போட்ட நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. பால்கனில் ஒரு தகராறு வந்தால் லண்டன் வரை போய்ச் சேர ரூட் போட்டுக்கொடுத்தது இந்தத் திட்டம்தான்.

கீல் துறைமுகத்தில் வந்த செய்தி

1914 ஜூன் 28. கைசர் கீல் நகரில் தன் பாய்மரப் படகுப் போட்டியில் இருந்தார். விருந்தாளிகளாகப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களே வந்திருந்தன. ஒரு சிறு படகு அருகே வந்தது. அதிலிருந்த அட்மிரல், செய்தித் தாளை ஒரு சிகரெட் பெட்டியில் வைத்து மேலே எறிந்தார். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப், 19 வயது போஸ்னிய செர்பியன். துப்பாக்கி வந்தது செர்பியாவிலிருந்து. இறந்தவர் கைசரின் நெருங்கிய நண்பர், இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவர் வீட்டுக்குப் போய் வந்திருந்தார். செர்பியாவுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று கொதித்தார்.

ஜூலை 5-ல் ஆஸ்திரியத் தூதர் பாட்ஸ்டாமில் கைசரோடு மதிய உணவு சாப்பிட்டார். ஆஸ்திரியா என்ன செய்தாலும், ரஷ்யா குறுக்கே வந்தாலும், ஜெர்மனி கூட நிற்கும் என்று கைசர் வாக்குக் கொடுத்தார். மறுநாள் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அதை உறுதி செய்தார். வரலாற்றில் இதற்குப் பெயர் 'பிளாங்க் செக்'. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை. எவ்வளவு வேண்டுமானாலும் வியன்னா நிரப்பிக்கொள்ளலாம்.

கொடுத்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஜூலை 6-ல் வழக்கமான கோடைப் பயணமாகக் கப்பலில் நார்வே கிளம்பிவிட்டார். மன்னரைக் கொன்றவர்களுக்காக இன்னொரு மன்னரான ஜார் சண்டைக்கு வரமாட்டார் என்று நம்பினார். மூன்று வாரம் ஊரிலேயே இல்லை. கைசரைக் காப்பாற்றி எழுதும் யாரும் இந்த ஜூலை 5-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எவ்வளவு தூரம் போகப் போகிறீர்கள் என்று.

வியன்னா நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டது. ஜூலை 23-ல் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடுவோடு நிபந்தனைகள் போயின. ஒப்புக்கொள்ளவே முடியாத மாதிரி எழுதப்பட்டவை. ஆனால் செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இறங்கி வந்தது. முக்கியமாக மறுத்தது ஒன்றைத்தான். தங்கள் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் கலந்துகொள்ளக் கூடாது.

27-ம் தேதி ஊர் திரும்பிய கைசர், மறுநாள் காலை அந்தப் பதிலைப் படித்தார். படித்து முடித்ததும் மனசு மாறிவிட்டது. வியன்னாவுக்கு இது பெரிய வெற்றி, இனி போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் குறிப்பு எழுதினார். வாக்குறுதிக்குப் பிணையாக பெல்கிரேடை மட்டும் பிடித்துக்கொண்டு ஆஸ்திரியா அங்கேயே நின்று பேசட்டும் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனால் பெத்மன் ஹோல்வெக் அதை உடனே அனுப்பவில்லை. அனுப்பியபோதும் வலுவைக் குறைத்து அனுப்பினார். அதற்குள், அதே ஜூலை 28-ல், ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்துவிட்டது.

வில்லியும் நிக்கியும்

அடுத்த மூன்று நாட்கள் பெர்லினுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே தந்திகள் பறந்தன. ஜெர்மன் சக்கரவர்த்தியும் ரஷ்யச் சக்கரவர்த்தியும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். கீழே கையெழுத்து: வில்லி, நிக்கி. ஒருவரை ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

ஜூலை 29 இரவு அது வேலையும் செய்தது. முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் கொடுத்திருந்த நிக்கோலஸ், வில்ஹெல்மின் தந்தியைப் பார்த்து அதை ரத்து செய்தார். ஆஸ்திரியாவை நோக்கி மட்டும் திரட்டினால் போதும் என்றார். தளபதிகள் பதறினார்கள். பாதி திரட்டினால் முழுத் திட்டமும் குழம்பிவிடும் என்றார்கள். 30-ம் தேதி மதியம் வெளியுறவு அமைச்சர் சாசனோவ் ஒரு மணி நேரம் பேசி அவர் மனதை மாற்றினார். ரஷ்யா முழுப் படையையும் திரட்டத் தொடங்கியது.

அதே நாளில் பெர்லினில் நடந்தது இன்னும் விசித்திரம். கொஞ்சம் பொறுங்கள் என்று பெத்மன் ஹோல்வெக் வியன்னாவுக்குத் தந்தி அடிக்கிறார். உடனே படை திரட்டுங்கள் என்று மோல்ட்கே வியன்னாவுக்குத் தந்தி அடிக்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட், பெர்லினை ஆள்வது யார் என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

பிரிட்டனும் ஒதுங்கி நிற்காது என்று தெரிந்ததும் கைசரின் கோபம் எல்லை மீறியது. செத்துப்போன தாய்மாமன் ஏழாம் எட்வர்டு இங்கே இருந்துகொண்டே தன்னை வளைத்துவிட்டதாகப் புலம்பினார். நாங்கள் அழிந்தாலும் இங்கிலாந்து இந்தியாவையாவது இழக்க வேண்டும் என்றும் ஒரு ஆவணத்தின் ஓரத்தில் எழுதினார். ஆவணத்தின் ஓரங்களில் எழுதுவது அவர் பழக்கம். இன்றைக்கு இருந்திருந்தால் ட்வீட் போட்டிருப்பார்.

திரும்பாத ரயில்கள்

ஜூலை 31-ல் ரஷ்யாவுக்கு ஜெர்மனி 12 மணி நேரக் கெடு விதித்தது. பதில் வரவில்லை. ஆகஸ்ட் 1 மாலை ஐந்து மணிக்குப் படைதிரட்டல் உத்தரவு. இதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன லண்டன் தந்தி.

மோல்ட்கே ஏன் முடியாது என்றார்? ஒவ்வொரு படைப்பிரிவும் எந்த ஊரில் ரயிலேறி, எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குக் கடந்து, எங்கே இறங்க வேண்டும் என்று நிமிடக் கணக்கில் டைம்டேபிள் போட்டிருந்தார்கள். எட்டுப் படைகளில் ஏழு மேற்கே, ஒன்று மட்டும் கிழக்கே. லட்சக்கணக்கான ஆட்களை நடுவழியில் திருப்பினால் ராணுவத்துக்குப் பதில் ஆயுதம் ஏந்திய கும்பல்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். உங்கள் பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார் என்று கைசர் குத்தினார். பெயர் பெற்ற பழைய மோல்ட்கே, 1870 போரை ஜெயித்தவர், இவருடைய பெரியப்பா. அந்த ஒரு சொல் இவரை உடைத்துவிட்டது.

லக்சம்பர்க்குக்குள் நுழைய வேண்டிய 16-வது டிவிஷனை நிறுத்தச் சொல்லி கைசர் நேரடியாக உத்தரவிட்டார். அதை உறுதிசெய்யும் தாளில் கையெழுத்துப் போடாமல் மோல்ட்கே பேனாவை மேஜையில் எறிந்தார். தன் அலுவலகத்துக்குப் போய் அழுதார். அதற்குள் ஒரு சிறு பிரிவு எல்லையைத் தாண்டி லக்சம்பர்க்கின் ஒரு ரயில் நிலையத்தைப் பிடித்தும்விட்டது.

இரவு சுமார் 11 மணி. மச்சான் ஜார்ஜிடமிருந்து தந்தி வந்தது. ஏதோ புரிதல் கோளாறு, அப்படி எந்த உறுதியும் தரப்படவில்லை. இரவு உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற கைசர் மோல்ட்கேவைக் கூப்பிட்டு, இனி உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையிலேயே முடியாதா? போருக்குப் பின், ராணுவ ரயில்வே பிரிவில் இருந்த ஜெனரல் ஃபான் ஸ்டாப் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். கணக்கெல்லாம் போட்டு, படைகளில் பெரும்பகுதியைக் கிழக்கே திருப்பியிருக்க முடியும் என்றார். தன் துறையைக் குறைசொன்னதில் அவருக்கு அவ்வளவு ரோஷம்.

முதல் ஆறு வாரம்

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆகஸ்ட் 3-ல் பிரான்ஸ் மீது போர் அறிவிப்பு. 4-ம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவே பிரிட்டன் போரில் இறங்கியது. கூட்டாளி இத்தாலி, ஒப்பந்தம் தற்காப்புக்கு மட்டும்தான் என்று சொல்லி நழுவிவிட்டது. இத்தனை வருடம் கட்டிக்காத்த கூட்டணியில் மிஞ்சியது ஆஸ்திரியா மட்டும்.

லீஜ் நகரைச் சுற்றி இருந்த பன்னிரண்டு கோட்டைகள் ஜெர்மனியை எதிர்பார்த்ததைவிட அதிக நாள் தடுத்தன. 42 சென்டிமீட்டர் விட்டமுள்ள க்ரூப் பீரங்கிகளைக் கொண்டுவந்துதான் கடைசியில் உடைக்க முடிந்தது. வழியெங்கும் பொதுமக்கள் ஒளிந்திருந்து சுடுவதாக ஜெர்மன் வீரர்களுக்குச் சந்தேகம். டினான் என்ற சிறு ஊரில் ஆகஸ்ட் 23-ல் 674 பேரைக் கொன்றார்கள். லூவெனில் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பல்.

பிரெஞ்சு ராணுவம் அல்சாஸ், லொரைன் மீட்புக்காக முன்னேறி இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் விழுந்தது. ஆகஸ்ட் 22 ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையும் அணிந்திருந்தார்கள். தூரத்திலிருந்தே தெரியும்.

கிழக்கே ரஷ்யா, கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. பயந்துபோன மோல்ட்கே மேற்கிலிருந்து இரண்டு கோர் படைகளை உருவி கிழக்கே அனுப்பினார். அவை போய்ச் சேர்வதற்குள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டோர்ஃபும் டானன்பர்க்கில் ஒரு முழு ரஷ்யப் படையையே அழித்துவிட்டார்கள். சிறைபிடிக்கப்பட்டவர்கள் மட்டும் 90,000-க்கு மேல். தோற்ற தளபதி சாம்சோனோவ் காட்டுக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். அங்கே தேவைப்படாத அந்தப் படைகள், தேவைப்பட்ட மார்ன் நதியோரம் இல்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியது. ஆனால் முதல் படைக்கும் இரண்டாம் படைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. அதற்குள் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் புகுந்தன. பாரிஸ் டாக்ஸிகளில் வீரர்களை ஏற்றிப்போன கதை இங்கேதான் வரும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் டாக்ஸியில் போனவர்கள் மொத்தப் படையில் மிகச் சிறு பகுதி. ஜெர்மனி பின்வாங்கியது. செப்டம்பர் 14-ல் மோல்ட்கே நீக்கப்பட்டு ஃபால்கன்ஹைன் வந்தார்.

கைசர்? போர்முனைக்குப் பின்னால் கோப்லென்ஸ், லக்சம்பர்க், பிறகு பிரான்ஸின் சார்ல்வில் என்று தலைமையகத்தோடு நகர்ந்துகொண்டிருந்தார். கெட்ட செய்தி சொன்னால் உடைந்துபோவார் என்று தளபதிகள் நல்லதை மட்டும் சொன்னார்கள். வாக்கிங், விருந்து, பதக்கம் குத்துதல். படைகளின் தலைவர் தன் போரைப் பற்றி மற்றவர்கள் வழியாகவே தெரிந்துகொண்டார்.

எந்தச் செர்பியாவைத் தண்டிக்க இத்தனையும் தொடங்கியதோ, அது ஆகஸ்டில் செர் மலைப்பகுதியில் ஆஸ்திரியப் படையை விரட்டியடித்தது. ஆஸ்திரியா டிசம்பரில் பெல்கிரேடைப் பிடித்தது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 15-ல், செர்பியா மீட்டுக்கொண்டது.

மெட்ராஸுக்கு வந்த குண்டு

கைசரின் கடற்படைக் கனவின் ஒரு துண்டு நம்ம ஊருக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, சுமார் ஒன்பதரை மணி. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசிவிட்டு இருட்டில் போய்விட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இதன் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது. ஆனால் பெயர் தமிழில் தங்கிவிட்டது. சாமர்த்தியமான ஆளை, பொல்லாத ஆளை இன்றைக்கும் 'எம்டன்' என்போம். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'.

டிர்பிட்ஸோடு சேர்ந்து அவ்வளவு காசு கொட்டிக் கட்டிய பெரிய போர்க்கப்பல்களோ துறைமுகத்தை விட்டு அதிகம் நகரவில்லை. இழந்துவிடுவோமோ என்று கைசரே வெளியே விடத் தயங்கினார்.

ஒரு கப் டீ

1918 நவம்பர் 9. பெர்லினில் புரட்சி. பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த கைசர் இன்னும் முடிவெடுக்கவில்லை. பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன் காத்திருக்காமல், கைசர் பதவி விலகிவிட்டார் என்று அவரே அறிவித்துவிட்டார். மறுநாள் வில்ஹெல்ம் எல்லை தாண்டி நெதர்லாந்துக்குள் போனார். அடைக்கலம் கொடுத்த பிரபுவின் மாளிகைக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது ஒரு கப் நல்ல இங்கிலீஷ் டீ.

மச்சான் நிக்கோலஸ் அதற்கு நாலு மாதம் முன்பே மனைவி, ஐந்து பிள்ளைகளோடு சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவருக்கு அடைக்கலம் கொடுக்க லண்டன் தயங்கியதில் மன்னர் ஜார்ஜுக்கும் பங்குண்டு. ஜார்ஜ் தன் ஜெர்மன் குடும்பப் பெயரை 1917-லேயே விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டுவிட்டார்.

வெர்சாய் ஒப்பந்தத்தின் 227-வது பிரிவு, கைசரை விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றது. டச்சு அரசு ஒப்படைக்க மறுத்துவிட்டது. டோர்ன் என்ற ஊரில் ஒரு மாளிகை வாங்கி, இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி விறகாக்கினார். நல்ல கை ஒன்றே போதுமாக இருந்தது. நினைவுக் குறிப்புகள் எழுதினார். அதில் போருக்கு எல்லோரும் காரணம், இவரைத் தவிர. தோல்விக்கு யூதர்களைப் பழிசொல்லும் வெறுப்பும் அந்த வருடங்களில் அவரிடம் வளர்ந்தது.

1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்தபோது வாழ்த்துத் தந்தி அனுப்பினார். 1914-ல் தன்னால் முடியாதது நடந்துவிட்டதே என்ற மகிழ்ச்சி. 1941 ஜூன் 4-ல், 82 வயதில், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த டோர்னில் இறந்தார். இறுதிச் சடங்கில் ஸ்வஸ்திகா சின்னம் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அவருடைய கடைசி உத்தரவு அது. ஸ்வஸ்திகாவோடு வந்தார்கள்.